காங்கேசன்துறைத் தொகுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தேர்தல் முடிவுகளில் காங்கேசன்துறை என்ற பெயர் இன்னமும் வருகிறதே, பிறகு எப்படி அது இல்லாமல் போன தொகுதி?

இன்று அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 வாக்களிப்புப் பிரிவுகளில் ஒன்று, அவ்வளவுதான். 1947 முதல் தனக்கென ஓர் எம்.பி.யை அனுப்பிய தொகுதியை, மாவட்டம் வாரியாகக் கட்சிகளின் வாக்குக்கு ஏற்ப ஆசனம் பகிரும் 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறை முடித்துவைத்தது. ஆனால் 1982 சர்வசன வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல்தான் நடந்தது.

தந்தை செல்வா (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) இங்கே தோற்றதே இல்லையா?

தோற்றார். 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம். அவர் நிறுவிய தமிழரசுக் கட்சி தொடங்கி அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. 1956இல் தொகுதியை மீட்டவர், அப்புறம் தோற்கவே இல்லை.

1975 இடைத்தேர்தலை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

ஒரு தொகுதி ஓர் இனத்தின் குரலாக நின்ற தேர்தல் அது. 1972 குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று சொன்ன செல்வநாயகம், அந்த ஒக்டோபரில் பதவியைத் துறந்து, முடிந்தால் என்னோடு போட்டியிட்டுப் பாருங்கள் என்று அரசுக்குச் சவால் விட்டார். சிறிமாவோ அரசு இரண்டு வருடத்துக்கு மேல் தேர்தலை வைக்கவில்லை. இந்த இழுத்தடிப்பு மன்னிக்க முடியாத தவறு என்பதே என் கருத்து. வாக்குச்சீட்டால் தீர்க்கக் கேட்டவர்களை அவ்வளவு காலம் காக்க வைத்தால், அந்த வழியில் இளைஞர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? கடைசியில் 1975 பெப்ரவரி 6இல் வாக்களிப்பு நடந்தது. உடல் தளர்ந்திருந்த செல்வா, கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். தமிழ் மக்கள் தந்த ஆணை இது என்று அறிவித்தார். அடுத்த வருடம், தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது.

தொகுதியின் கடைசி எம்.பி. யார்?

தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம். 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றிருந்தவர். செல்வா 1977 ஏப்ரலில் மறைந்த பின், அந்த யூலையில் இங்கே வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 1983இல், தனிநாடு கோருவதைத் தடைசெய்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்துக் கூட்டணியினர் சபைக்குப் போகவில்லை, ஆசனங்கள் பறிபோயின.

1975 போல இன்னோர் இடைத்தேர்தல் வர வாய்ப்புண்டா?

இப்போதைய சட்டத்தில் இல்லை. எம்.பி. ஒருவர் விலகினால், அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.