சர்ச்சுவில் இரண்டாம் இரவே கூடாரமா?

தில்லியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "செப்டம்பர் முதல் வாரத்தில் மனைவி, 10 வயது மகளோடு சொந்தக் காரில் மணாலியிலிருந்து லடாக்கின் லே போகிறோம். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. ஹோட்டல் வேண்டாம், கூடாரம்தான். முதல் இரவு மணாலி, இரண்டாம் இரவு வழியிலுள்ள சர்ச்சு, மூன்றாம் நாள் லே. வால்பாறை, கொல்லிமலையில் ஓட்டிய அனுபவம் உண்டு. போதுமா?"

ஓட்டுவதற்குப் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவருக்கு மணாலி-லே சாலையிலுள்ள கட்டா லூப்ஸின் 21 வளைவுகள் ஒன்றும் செய்யாது. (அங்கே ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். தாகத்தில் செத்துப்போன லாரி கிளீனரின் ஆவிக்கு வைக்கிறார்களாம். குப்பை சேர்க்காமல் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.) எனக்கு உதைப்பது அந்த இரண்டாம் இரவுதான்.

மணாலி சுமார் 2,050 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுக்கிறீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. முன்பு ரோதாங் கணவாயின் நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும். பலர் வழியிலுள்ள கேலாங்கில் தங்கிவிடுவார்கள். 2020இல் ரோதாங்குக்கு அடியில் போகும் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மதியமே சர்ச்சு பக்கம் போய்விட முடிகிறது. உடம்பு மட்டும் மணாலியிலேயே நிற்கும்.

சர்ச்சுவில் இன்னொரு சிக்கல். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சு இரண்டு பக்கமும் அடைபட்ட இடம். மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்), லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் லா. இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும், அதுவும் இருட்டில், வாந்தியெடுக்கும் குழந்தையோடு.

என் யோசனை, பாதையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புங்கள். சோனாமார்க், கார்கில் இரண்டும் ஏறத்தாழ 2,700 மீட்டர், ஆல்ச்சி 3,100, லே 3,500 என்று படிப்படியாகப் படுக்கலாம். லேயில் நான்கு இரவாவது இருங்கள். அதன் பிறகு திரும்பும் வழியில் சர்ச்சுவில் ஓர் இரவு கூடாரம் போடலாம். லேயிலேயே யாருக்காவது தலைவலி தீரவில்லை என்றால் சர்ச்சு ஆசையை விட்டுவிடுங்கள். அங்குள்ள முகாம்கள் செப்டம்பர் நடுவில் மூட்டை கட்டத் தொடங்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணாலி வழிதான் என்றால் ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில், பாகா ஆற்றங்கரையில் இரண்டு இரவு கூடாரம் போடுங்கள். மூன்றாம் நாள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, எல்லாக் கணவாய்களையும் பகலிலேயே தாண்டி லே போய்ச் சேருங்கள். 300 கிலோமீட்டருக்கு மேல்; நாள் முழுக்க ஓட்டம், அலுப்புதான். விடியலில் கிளம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள் பனி உருகி மதியத்துக்கு மேல் பெருகும். சின்ன கார் காலையில் கடப்பதே நல்லது.

தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் ஒரு சோதனை. குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் கீழே இறங்குங்கள். உயர நோய்க்கான அசிடசோலமைடு மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக வெகு நேரம் பிடிக்கும். சின்ன குக்கர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் அவல், ரவை.

டர்போ இல்லாத வண்டியென்றால் 5,328 மீட்டர் தாங்லாங் லாவில் இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். பயப்படாதீர்கள், முதல் கியரில் விடுங்கள், பாதி கிளட்சில் நிற்காதீர்கள். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியர். மணாலி பக்கம் தாண்டி என்ற ஊரிலும் லே பக்கம் காரு என்ற ஊரிலும் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு கேன். அப்புறம், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஒரு போஸ்ட்பெய்டு எண்ணாவது கையில் இருக்கட்டும்.