மார்பகத்தில் சிலிக்கோன் பை வைத்தவர் தாய்ப்பால் கொடுக்கலாமா?

மார்பகத்தைப் பெரிதாக்கச் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டவரால் பாலூட்ட முடியுமா, அது குழந்தைக்குக் கெடுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோரால் முடியும், பால் குறையுமா என்பதைப் பையைவிட, அதை உள்ளே செலுத்தக் கீறிய இடமே அதிகம் தீர்மானிக்கிறது. மார்பின் அடிமடிப்பிலோ அக்குளிலோ கீறியிருந்தால் பால்நாளங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கீறியிருந்தாலோ, நாளங்களோடு, குழந்தை சப்புவதை மூளைக்கு உணர்த்திப் பால் சுரக்கவைக்கும் நரம்பும் அறுபட்டிருக்கக்கூடும். ஆகவே பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தேடியெடுத்து, பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். பையின் சிலிக்கோனில் அடங்கிய சிலிக்கன் என்ற தனிமம் பாலில் கலந்து குழந்தைக்குக் கெடுதி செய்யும் என்ற அச்சம் மிகையானது. பை வைத்தவர்களின் பாலில் இருப்பதைவிடப் பசும்பாலிலும் புட்டிப்பால் மாவிலும் அந்தத் தனிமம் பல மடங்கு அதிகம். முதல் வார முடிவில் குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, 2 வாரத்தில் பிறந்த எடையை எட்டிவிட்டால் பால் போதுகிறது. எட்டாவிட்டால், மருத்துவர் சொல்லும் அளவுக்கு மாற்றுப்பால் சேர்த்துக்கொண்டே தாய்ப்பாலையும் தொடரலாம்.