பாட்டுச் சேகரிப்புக்குப் பட்டியல்: எந்த மென்பொருள், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அலமாரியில் சி.டி., இசைத்தட்டு, கேசட் எல்லாம் சேர்த்து 900 இருக்கும். கம்ப்யூட்டரில் 20,000 பாட்டு ஃபைல்கள் தனி. இரண்டையும் ஒரே மென்பொருளில் பட்டியல் போடலாமா?

விளம்பரத்தில் போடலாம். உட்கார்ந்து செய்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும். அலமாரிப் பட்டியலில் நீங்கள் தேடப்போவது, இது எந்தப் பதிப்பு, வெளியிட்ட நிறுவனம் கொடுத்த கேட்டலாக் எண் என்ன, உறை நன்றாக இருக்கிறதா, எந்த வரிசையில் வைத்தேன் என்பதை. ஃபைலில் தேடுவது பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், எத்தனையாவது பாட்டு என்பதை. இந்த இரண்டாவது வகை விவரம் ஃபைலுக்குள்ளேயே, டேக் என்ற இடத்தில் உட்கார வேண்டும். முதல் வகைக்கு வெளியே ஒரு பட்டியல் இருந்தால் போதும். ஆகவே இரண்டு வேலை, இரண்டு கருவி.

அலமாரிக்கு டிஸ்காக்ஸ் என்ற இணையதளம். 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பட்டியல் போடக் காசு இல்லை, செல்போன் செயலியில் பார்கோடைக் காட்டினால் தட்டு வந்து நிற்கும். இதே வேலையை இன்னும் பளபளப்பாகச் செய்யும் சி.எல்.இசட். மியூசிக் சந்தாவுக்குக் கிடைக்கிறது. பார்கோடு இல்லாத பழைய இசைத்தட்டுக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று லேபிளில் அச்சாகியிருக்கும் கேட்டலாக் எண். மற்றது, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வழவழப்பான வளையத்தில் கீறியோ முத்திரை குத்தியோ இருக்கும் மேட்ரிக்ஸ் எண். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சி.டி.யில் இது பளபளப்பான பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றி இருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடி, வரும் முதல் பதிப்பைச் சொடுக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரே ஆல்பத்துக்குப் பத்துப் பதினைந்து பதிப்புகள் இருக்கலாம், மதிப்பும் அதற்கேற்ப மாறும்.

ஃபைல்களுக்கு, மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தைப் பார்த்து டேக் நிரப்பும் பிகார்ட், கையால் டேக் எழுத உதவும் எம்பி3டேக் இரண்டையும் முதலில் இறக்கிப் பாருங்கள். பிகார்ட் எந்தக் கணினியிலும் இலவசம். எம்பி3டேக் விண்டோஸில் இலவசம், மேக்கில் விலைக்கு. கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவருக்கு பீட்ஸ் இருக்கிறது. பாட்டைக் கேட்பது, அடுக்குவது, டேக் எழுதுவது எல்லாம் ஒரே ஜன்னலில் வேண்டும் என்றால் மட்டும் மீடியாமங்கி போன்றதன் காசு கட்டும் பதிப்பை யோசிக்கலாம்.

கேள்வி: காசு கட்டுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

வெளியே வரும் வழியை. உங்கள் ஆறு மாத உழைப்பு மென்பொருளின் விலையைவிடப் பெரிது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போக முடியுமா என்பதுதான் கேள்வி.

சோதனைக் காலத்தில் சுலபமான தட்டுகளைப் போட்டுத் திருப்திப்பட வேண்டாம். சிக்கலானவையாக 20 பொறுக்குங்கள்: இரண்டு தட்டு கொண்ட ஆல்பம் ஒன்று, பாட்டுக்கு ஒரு பாடகர் பாடிய திரைப்பட ஆல்பம் ஒன்று, பார்கோடு இல்லாதது, தமிழில் மட்டும் தலைப்பு உள்ளது, வீட்டில் பதிவு செய்த கேசட். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஏற்றுமதி வசதியில் சி.எஸ்.வி. ஃபைலாக வெளியே எடுத்து, ஒரு விரிதாளில் திறந்து ஒவ்வொரு பத்தியாகப் பாருங்கள். நீங்கள் கையால் தட்டிய குறிப்புகள் வந்திருக்கின்றனவா? டிஸ்காக்ஸின் ஏற்றுமதியில் நிறுவனம், கேட்டலாக் எண், தட்டின் நிலை, உறையின் நிலை, உங்கள் குறிப்பு எல்லாம் வரும், பாட்டுப் பட்டியல் வராது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் பதிப்பின் தனி எண் இருப்பதால் பாட்டுப் பட்டியலைப் பிறகு வரவழைக்கலாம். இப்படி ஒரு எண்ணாவது இல்லாத ஏற்றுமதி, ஏற்றுமதியே இல்லை.

ஃபைல் பக்கம் சோதனை வேறு. ஒரு பாட்டுக்கு 4 நட்சத்திரம் கொடுங்கள், குறிப்பு எழுதுங்கள், ராகம் என்று ஒரு புதுப் புலம் (ஒரு விவரத்துக்கான கட்டம்) சேர்த்து நிரப்புங்கள். அந்த ஃபைலை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்து, வேறு மென்பொருளில் திறங்கள். அங்கே தெரிவதுதான் ஃபைலுக்குள் போனது. மற்றதெல்லாம் பழைய கணினியின் தரவுத்தளத்தில் தங்கிவிட்டது. ஆப்பிள் மியூசிக்கில் நட்சத்திரமும் எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் அதன் நூலகத்தில்தான் இருக்கும், டேக்கில் இருக்காது. ஃபைலுக்குள் எழுதும் மென்பொருள்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எம்பி3 ஃபைலின் டேக்கில் மதிப்பீடு 1 முதல் 255 வரை ஒரு எண், அதில் எத்தனைக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கிறது. 4 நட்சத்திரம் இடம் மாறும்போது மூன்றாகவோ மூன்றரையாகவோ ஆகலாம்.

சந்தா என்றால் இன்னொன்றும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சந்தா முடிந்த மறுநாள் பட்டியலைப் பார்க்கவாவது முடியுமா, ஏற்றுமதி வேலை செய்யுமா?

கேள்வி: ஆறு பாட்டுள்ள ஒரு திரைப்பட ஆல்பம், பிளேயரில் ஆறு ஆல்பமாகப் பிரிந்து கிடக்கிறது. ஏன்?

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற புலம் காலியாக இருக்கிறது. அது காலியானால் பல பிளேயர்கள் ஆர்ட்டிஸ்ட் புலத்தை வைத்துப் பிரிக்கும், பாடகர் பாட்டுக்குப் பாட்டு மாறுவதால் ஆல்பம் உடையும். எம்பி3டேக்கில் ஆறையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர் பெயரையோ 'பல குரல்கள்' என்றோ ஒரே மாதிரி எழுதிச் சேமியுங்கள். பாடியவர்களை ஆர்ட்டிஸ்ட்டிலும், இசையமைப்பாளரை கம்போசரிலும், பாடலாசிரியரை லிரிசிஸ்ட்டிலும் விடுங்கள். ஆர்ட்டிஸ்ட் புலத்தில் எல்லாப் பெயரையும் கூட்டாஞ்சோறாகக் கொட்டுவதுதான் இறக்கிய ஃபைல்களில் வழக்கமாகக் காணும் கோளாறு. அதன் பின்னால் இணையதளத்தின் விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்பி3டேக்கின் ஆக்‌ஷன் வசதியில் ஒரு 'ரிப்ளேஸ்' எழுதிவைத்தால், அந்த விளம்பரத்தை 20,000 ஃபைலிலிருந்தும் ஒரே தடவையில் துடைக்கலாம்.

இதைச் சரிசெய்த பிறகும் பிரிந்தால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். 'எம்.எஸ்.சுப்புலட்சுமி', 'எம். எஸ். சுப்புலட்சுமி', 'எம் எஸ் சுப்புலக்ஷ்மி' மூன்றும் கணினிக்கு மூன்று பேர். முதலெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதை முதல் நாளே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: தமிழில் இருந்த பாட்டுப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?

எந்த மாதிரிக் கிறுக்கல் என்பதைப் பொறுத்தது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபைலில் பழுதில்லை, பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளாக இருந்தால் கதை முடிந்தது. தமிழை ஏற்காத எழுத்துக் குறியீட்டில் யாரோ சேமித்திருக்கிறார்கள், பழைய எழுத்துகள் அழிந்து அவற்றின் இடத்தில் கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டது. திரும்பத் தட்டுவதைத் தவிர வழியில்லை.

தலையில் சாய்கோடு போட்ட ரோமன் 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வருகிறதா? நல்ல செய்தி. அது யூனிகோடு தமிழேதான், மேற்கத்திய எழுத்துமுறையாகத் தவறாகப் படிக்கப்படுகிறது. குறியீட்டை மாற்றிப் படிக்கும் டேக் எடிட்டரில், யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூ.டி.எஃப்.-8 என்று சொன்னால் தமிழ் வந்துவிடும்.

ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறிகளுமாகக் கலந்து, எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் காலத்து வேலை. எம்பி3டேக்கில் அந்தப் புலத்தை ஒரு உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். பிறகு கன்வர்ட் மெனுவில் உள்ள 'டெக்ஸ்ட் ஃபைல் – டேக்' வழியாக உள்ளே எழுதுங்கள். இது வரிக்கு ஒரு ஃபைல் என்று திரையில் உள்ள வரிசைப்படி எழுதும். நடுவில் ஒரு வெற்று வரி விழுங்கப்பட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாப் பாட்டும் பக்கத்துப் பாட்டின் பெயரைச் சூடிக்கொள்ளும். 50 ஃபைலுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம், ஏற்றுவதற்கு முன் வரிகளின் எண்ணிக்கையும் ஃபைல்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணிவிடுங்கள்.

இனிமேல் கெடாமல் இருக்க, எம்பி3டேக்கின் அமைப்பில் ஐ.டி.3 (எம்பி3 ஃபைலில் டேக் எழுதும் வடிவம்) பதிப்பு 2.3, யூ.டி.எஃப்.-16 என்பதை வைத்துக்கொள்ளுங்கள். 2.4இல் யூ.டி.எஃப்.-8 உண்டு, ஆனால் பழைய கார் பிளேயர்கள் சில அதைப் படிக்கத் திணறும். பதிப்பு 1 வேண்டவே வேண்டாம். அதில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட். யூ.டி.எஃப்.-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிகள், ஆகப் பத்துக் குறிகளோடு பெயர் வெட்டுப்படும். ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைல்களில் இந்த வம்பே கிடையாது, அவற்றின் டேக் எப்போதும் யூ.டி.எஃப்.-8தான்.

இன்னொரு மறைமுகக் கோளாறு: 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. 'ஸ'வில் தொடங்கியும் தட்டலாம், 'ஶ'வில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் பாதிதான் கிடைக்கும். 'கோ'வுக்கும் இதே கதை, ஒற்றைக் குறியாகவும் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். தேடுபெட்டி பொய் சொல்வதாகத் தோன்றினால் முதலில் இந்த எழுத்துகளைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பிகார்டில் மொத்த ஃபோல்டரையும் போட்டு ஸ்கேன் அழுத்தினேன். ஆல்பங்கள் கலைந்து, பல பாட்டுகள் ஏதோ தொகுப்புகளுக்குள் போய்விட்டன. என் தவறா?

பட்டனின் வரிசை தவறு. ஸ்கேன் என்பது பாட்டின் ஒலிரேகையை எடுத்து இது எந்த ஒலிப்பதிவு என்று கண்டுபிடிக்கும். அதே ஒலிப்பதிவு மூல ஆல்பத்திலும் இருக்கும், பின்னால் வந்த நாலைந்து தொகுப்புகளிலும் இருக்கும். எதிலிருந்து எடுத்தீர்கள் என்பது காதுக்கோ கணினிக்கோ தெரியாது.

ஒரு தடவைக்கு 10 ஆல்பங்களுக்கு மேல் ஏற்றாதீர்கள். முதலில் கிளஸ்டர், அது இருக்கும் டேக்கை வைத்து ஃபைல்களை ஆல்பமாகக் கட்டும். பிறகு அந்தக் கட்டைத் தேர்ந்து லுக்கப். எதிலும் சேராமல் மிஞ்சியதற்கு மட்டும் ஸ்கேன். அமைப்புகளில் மெட்டாடேட்டாவின் கீழ் விருப்பப் பதிப்புகள் பகுதியில், தொகுப்பு என்ற வழுக்கியை (ஸ்லைடர்) குறைத்து ஆல்பம், சவுண்ட்டிராக் இரண்டையும் ஏற்றிவையுங்கள். பெயர் மாற்று, இடம் மாற்று என்ற இரண்டு தேர்வுகளும் முதல் மாதம் அணைந்தே இருக்கட்டும். டேக் தவறினால் திருத்தலாம், 20,000 ஃபைல் ஃபோல்டர் மாறிப் போனால் தேடி அலைய வேண்டும். அதிகம் புழங்காத பழைய தட்டுகள் மியூசிக்பிரெய்ன்ஸில் இல்லாமலே போகலாம். அங்கே பிகார்டோடு மல்லுக்கட்டாமல் எம்பி3டேக்கில் கையால் எழுதுவது வேகம்.

கேள்வி: பார்கோடு எண்களை விரிதாளில் வைத்திருந்தேன். இப்போது தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.

விரிதாள் அவற்றை எண்ணாக நினைத்துவிட்டது. 12 இலக்கக் குறி 0வில் தொடங்கினால் அந்த 0 போய் 11 ஆகும். 13 இலக்கக் குறி, 8.9E+12 என்பதுபோல அடுக்குக் குறி வடிவத்துக்குச் சுருங்கும். அந்த நிலையில் சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிஜமாகவே காணாமல் போகும். 11 இலக்கமாக நிற்பவற்றுக்கு முன்னால் 0 சேர்த்தால் பெரும்பாலும் மீளும், சுருங்கிச் சேமித்தவற்றைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். இனி அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' வகையாக்கிவிட்டு ஃபைலை உள்ளே எடுங்கள், இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள்.

கேள்வி: சி.டி.யிலிருந்து பாட்டை ஃபைலாக எடுக்கும் பழைய ரிப்பிங் மென்பொருள் இப்போது சி.டி.யின் பாட்டுப் பெயர்களைக் காட்டுவதில்லை.

பெரும்பாலான சி.டி.க்களில் பெயர் எழுதப்பட்டிருப்பதே இல்லை. பாட்டுகள் தொடங்கும் இடங்களைக் கணக்கிட்டு, இணையத்தில் ஒரு தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் பெயர் வரும். பழையவை பல நம்பியிருந்த ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. அமைப்புகளில் முகவரியை ஜினுடிபிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பிக்கு மாறுங்கள், நீங்கள் எடுத்தது மற்றவர்கள் எடுத்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் அக்யுரேட்ரிப் சரிபார்ப்பும் கூடவே கிடைக்கும். ஃபிளாக்கில் எடுத்தால் ஒரு மணி நேர சி.டி.யின் 635 எம்.பி. ஏறக்குறைய 350இல் அடங்கும். 900 தட்டும் சி.டி.யே என்று வைத்தால்கூட ஒரு டி.பி. வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்.

கேள்வி: டேக் திருத்திய அன்று பேக்கப் முழுவதும் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது. ஒரு வரிதானே மாற்றினேன்?

டேக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைத்திருப்பார்கள். புது விவரம் அதற்குள் அடங்கினால் அந்த இடம் மட்டும் மாறும். அடங்காவிட்டால், குறிப்பாக 3 எம்.பி. அட்டைப்படத்தைப் பாட்டுக்குப் பாட்டு ஒட்டினால், ஃபைல் முழுவதும் திரும்ப எழுதப்படும். எப்படியானாலும் திருத்திய தேதி மாறும், பேக்கப் மென்பொருள் அதைப் பார்த்து முழு ஃபைலையும் புதிது என்று எடுத்துக்கொள்ளும். படத்தை 600க்கு 600 பிக்சல் ஜேபெக்காகச் சுருக்கி ஒட்டுங்கள். ஆன்லைன் பேக்கப்பை நிறுத்திவைத்து, ஒரு வெளி வட்டில் முழு நகல் எடுத்துவிட்டு, திருத்தம் எல்லாம் முடிந்தபின் ஒரே தடவையாக ஏற்றுங்கள். தேதியை மாறாமல் வைக்கும் தேர்வு பிகார்டில் இருக்கிறது. அதை இயக்கினால், தேதியை வைத்து முடிவுசெய்யும் பேக்கப் உங்கள் திருத்தங்களைக் கண்டுகொள்ளாமலே போகலாம் என்பதால் அணைத்தே வையுங்கள்.