முதுமையில் தளரும் உடல்: கேள்வி பதில்

முதியவர்களுக்கு இயன்முறை சிகிச்சை தருவது என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வயது 74. வலது முழங்காலில் தேய்மானம். மகன் கைத்தடி வாங்கிக் கொடுத்தான். கிழவன் என்று பார்ப்பார்களே என்று மூலையில் வைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, தடி மூலையில் இருப்பதால் நீங்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டீர்களா? அப்படியானால் நடக்காத கால் இன்னும் பலவீனமாகும், விழும் பயமும் கூடும். எனக்குக் கவலை அதுதான். எடுத்துப் பிடியுங்கள், ஆனால் இடது கையில். வலிக்கும் காலை ஊன்றும்போது தடியும் சேர்ந்து ஊன்றினால் மூட்டின் மேல் பாரம் குறையும். பலரும் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அது தவறு. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே பிடியின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 81. காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இந்த வயதில் பயிற்சி பலன் தருமா?

பதில்: தரும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். படுக்கையில் கிடந்தால் முதலில் கரைவது தொடைத் தசை. அம்மாவின் வயதின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன முதியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையை ஊன்றி எழுந்து, மெதுவாக உட்காரட்டும். மெதுவாக உட்காருவதும் நல்ல பயிற்சிதான். முதலில் மூன்று நான்கு முறை போதும், அப்புறம் கூட்டலாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புரதம் எவ்வளவு வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.

கேள்வி: படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. வயசுதானே காரணம்?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள் அம்மா. படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். சில நேரம் மாத்திரையே காரணமாக இருக்கும், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை, கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை அசைத்த பிறகு எழுங்கள்.

கேள்வி: நாற்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். விரல்களில் வேகம் போய்விட்டது. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் எண்பது வயதிலும் மேடையேறினார். எப்படி என்று கேட்டபோது மூன்று வழிகளைச் சொன்னார்: குறைவான பாடல்களையே வாசிப்பது, அவற்றை அதிகம் பயில்வது, வேகமான பகுதி வருமுன் வேண்டுமென்றே நிதானிப்பது. அந்த நிதானத்துக்குப் பின்னால் வருவது வேகமாகக் கேட்கும். உங்களுக்கு மிகப் பிடித்த நாலைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எவை என்று எனக்கும் எழுதுங்கள்.