ஜாங்கோ டெம்ப்ளேட்டின் இஃப் நிபந்தனையில் ஈனம் (enum) மதிப்பு பொருந்தாமல் போவது ஏன்?

ஆர்டரின் நிலைகளை வைத்திருக்கும் ஸ்டேட்டஸ் கிளாஸை சாதா பைத்தான் ஈனமாக (பெயரிட்ட நிலையான மதிப்புகளின் தொகுப்பு) எழுதாமல், ஜாங்கோ தரும் டெக்ஸ்ட்சாய்ஸஸாக மாற்றுங்கள். அந்தக் கிளாஸை வியூவிலிருந்து (பக்கத்தைத் தயாரிக்கும் பைத்தான் பகுதி) டெம்ப்ளேட்டுக்கு அனுப்பியும் இஃப் நிபந்தனை எப்போதும் பொய்யாவது அதோடு சரியாகிவிடும்.

அழைக்கக்கூடிய எது கிடைத்தாலும் ஜாங்கோ டெம்ப்ளேட் உடனே அழைத்துப் பார்க்கும். ஈனம் கிளாஸும் அந்த ரகம்தான். ஆர்க்யுமென்ட் இல்லாமல் அழைத்தால் பிழை வரும்; அதை டெம்ப்ளேட் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வெற்று மதிப்பைத் தரும் (இந்த மௌனம்தான் எரிச்சல்). ஜாங்கோ 3.0-இல் வந்த சாய்ஸஸ் வகைகளை (டெக்ஸ்ட்சாய்ஸஸ், இன்டிஜர்சாய்ஸஸ்), இப்போதுள்ள பதிப்புகளில் டெம்ப்ளேட் அழைப்பதில்லை.

உறுதிசெய்ய, அந்த ஈனம் உறுப்பை இரட்டை நெளிவு அடைப்புக்குள் தனியாக அச்சிட்டுப் பாருங்கள். வெறுமையாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கான்டெக்ஸ்டில் (வியூ டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும் மதிப்புகள்) பெயரைச் சரியாகக் கொடுத்தீர்களா என்றும் ஒரு பார்வை.

ஸ்டேட்டஸ் கிளாஸ் ஆர்டர் மாடலுக்குள்ளேயே இருந்தால் வியூவிலிருந்து அனுப்பவே வேண்டாம்: ஆர்டர், புள்ளி, ஸ்டேட்டஸ் கிளாஸ், புள்ளி, உறுப்பின் பெயர் என எழுதினால் போதும்.

எண் மதிப்புகளுக்கான இன்டிஜர்சாய்ஸஸ் என்றால் மட்டும் கவனம். 1 என்ற எண்ணை மேற்கோளுக்குள் போட்டு ஒப்பிட்டால் அது எழுத்துச்சரம், பொருந்தாது.

லேபிளை (பயனருக்குக் காட்டும் பெயர்) காட்டத்தான் இதெல்லாம் என்றால் கெட்-ஸ்டேட்டஸ்-டிஸ்ப்ளே மெத்தடே போதும். டெம்ப்ளேட்டில் அதன் பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள்.