தக்காளிச் சாறு வேண்டாம்: ஸ்கங்க் பீய்ச்சிய நாய்க்கு என்ன செய்வது?

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். நேற்று இரவு எங்கள் கோல்டன் ரெட்ரீவர் பின்வளவில் டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத்தளம்) அடியில் மூக்கை நுழைத்து, நாற்ற எண்ணெயைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற காட்டு விலங்கிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நான்கு டின் தக்காளிச் சாறு ஊற்றினேன். அம்மா சொன்னார் என்று சீயக்காயும் தேய்த்தேன். நாற்றம் போகவே இல்லை. ஒரு கண்ணும் சிவந்திருக்கிறது.

பதில்: முதலில் கண்ணைப் பாருங்கள். வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரையோ மருந்துக் கடை சலைனையோ ஊற்றி, அவசரப்படாமல் பல நிமிடம் அலசுங்கள். நேற்றைய சிவப்பு இன்றும் குறையாமல் இருந்தாலோ, கண்ணைத் திறக்க மறுத்து முன்காலால் தேய்த்தாலோ இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தக்காளிச் சாறு நாற்றத்தை எடுப்பதில்லை. நாற்றத்துக்கு உங்கள் மூக்கு மரத்துப்போகும்போது தக்காளி வாசனை மட்டும் தெரியும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டும் சேர்ந்தே அடிக்கும். சீயக்காய் எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் எடுக்கும், அது உண்மை. ஆனால் ஸ்கங்க் பீய்ச்சும் மஞ்சள் எண்ணெயில் இருப்பவை தயோல் எனும் கந்தகச் சேர்மங்கள். அவற்றை வேறு பொருளாக மாற்றினால்தான் நாற்றம் ஒழியும். அதை ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து வரும் ஆக்சிஜன் செய்யும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநில வேதியியலாளர் பால் கிரேபாம், ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றத்தைப் போக்கப் பயன்படுத்திய முறையைச் சக ஊழியரின் பூனைக்காக மாற்றியமைத்தார். 1993இல் வெளியான அந்தக் கலவையைத்தான் இன்றும் நாங்கள் சொல்கிறோம். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 1 லிட்டர், அப்பச் சோடா (பேக்கிங் சோடா) கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒன்றிரண்டு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். மூன்றையும் வாளியில் கலந்ததும் நுரை எழும்பும். அந்த நுரை அடங்குவதற்குள் பயன்படுத்த வேண்டும்.

நாயை நனைக்காமல், உலர்ந்த உடம்பில் தேய்ப்பது நல்லது. உங்கள் நாய் ஏற்கெனவே நனைந்துவிட்டான், அதனால் துவட்டிக் காயவிட்ட பிறகு தொடங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு வெளியிலேயே செய்யுங்கள். ரெட்ரீவருக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் முடி அடர்த்தி, விரலால் தோல்வரை அளைய வேண்டும். முகத்துக்குப் பஞ்சு அல்லது துணி போதும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். முடி கொஞ்சம் வெளுக்கலாம். மிஞ்சியதை எக்காரணம் கொண்டும் போத்தலில் மூடி வைக்காதீர்கள். வாயு அழுத்தத்தில் வெடிக்கும். ஊற்றிவிடுங்கள்.

சில வாரம் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த எண்ணெயில் தயோஅசிட்டேட் என்ற வகையும் உண்டு, தண்ணீர் பட்டால் மெல்லத் தயோலாக மாறும். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை தேய்த்தால் போதும்.

நாற்றத்தைவிட எனக்குக் கவலை தருபவை இரண்டு. ஸ்கங்குகள் வெறிநோயைப் பரப்பக்கூடியவை. பீய்ச்சியதால் அது பரவாது, கடித்தால் பரவும். குளிப்பாட்டும்போதே மூக்கு, உதடு, காது, கால்களில் பற்பட்ட காயம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கீறல் தெரிந்தாலும் மருத்துவரை அழையுங்கள். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 3 மாதம் தாண்டிய நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம், உங்கள் அட்டையில் தேதியைச் சரிபாருங்கள். இரண்டாவது, மிக அரிதாக அந்த எண்ணெய் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்ததுண்டு. அடுத்த சில நாட்களில் நாய் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளிறினாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

அப்புறம் அந்த டெக். அடியில் ஸ்கங்க் குடியிருக்கலாம். மே, ஜூன் மாதங்களில் உள்ளே குட்டிகள் இருக்கக்கூடும், அப்போது அடைத்தால் அவை செத்துவிடும். டெக்கின் அடி காலியாகும்வரை இரவில் விளக்கைப் போட்டு, பட்டியைக் கையில் பிடித்தே நாயை வெளியே விடுங்கள். ஸ்கங்க் முன்கால்களைத் தரையில் தட்டி வாலைத் தூக்கினால், அது தரும் எச்சரிக்கை அது. அந்த நொடியிலேயே நாயைப் பின்னால் இழுத்துவிடுங்கள்.