சுவர் ஓவியம் ஏன் உரிகிறது?

கேள்வி: குன்னூரில் எங்கள் தெருத் தடுப்புச்சுவரில் நண்பர்கள் சேர்ந்து எமல்ஷன் பெயிண்டில் காட்டெருமை வரைந்தோம். ஐப்பசி மழையில் கொப்புளித்து உரிந்துவிட்டது. மறுபடி வரையலாமா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: தாராளமாக. ஆனால் மழை முன்னாலிருந்து கெடுக்கவில்லை. பின்னாலுள்ள மண்ணின் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்டைத் தள்ளியிருக்கிறது. தண்ணீர் வடியும் துளைகளைப் பூசி அடைத்தீர்களா? முதலில் அவற்றைத் திறங்கள். அடைபட்டால் சுவருக்கே ஆபத்து. இந்த முறை எமல்ஷனுக்குப் பதில், ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பில் வரையுங்கள். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டுங்கள், அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. நீற்றிய சுண்ணாம்பை இரவு ஊறவைத்து வடிகட்டி, சுவரை நனைத்து, மெல்லிசாக மூன்று பூச்சு. நிறத்துக்குக் காவி, ஆக்சைடு தூள்கள். தூள், சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறம் கையில் ஒட்டும். பிப்ரவரியில் தொடங்குங்கள். சுவர் நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.